ராஜா அங்கியின் கக்கத்துத் துண்டு

பட்டறையில் எல்லோரும் அவளை சி.ஐ.டி. அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, நேருக்கு நேர். அவளும் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. காலையில் வந்ததும், கைப்பையை வைப்பதற்கு முன்பே, நேற்று விட்டுப்போன கத்திரிக்கோல் அதே கோணத்தில் இருக்கிறதா என்று பார்ப்பாள். ஆணியில் மாட்டியிருக்கும் பழுப்புக் காகிதங்களை எண்ணுவாள். "அக்கா, இன்னைக்கு முகம் பளிச்சுன்னு இருக்கே" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், "என்ன வேணும், அதைச் சொல்லு" என்பாள். பக்கத்து மெஷினில் உட்கார்ந்து முதல் மாதிரிகளைத் தைக்கும் சாம்பிள் அண்ணன் ஒருமுறை தன் பிறந்தநாளுக்கு மிட்டாய் கொடுத்தார். உறையைத் திருப்பித் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டாள்.

அவளுடைய வேலை துணி வெட்டுவது. பட்டறை முதலாளியான மேடம் காகிதத்தில் படம் போடுவார். படத்தில் இருக்கிற பெண்ணுக்கு இடுப்பே இருக்காது, கால் மட்டும் ஒரு முழம் அதிகமாக இருக்கும். அந்தப் படத்தை மூச்சுவிடுகிற, உட்கார்ந்து எழுந்திருக்கிற ஒரு உடம்புக்குப் பொருந்துகிற உடையாக்க வேண்டியது இவள் பொறுப்பு. முன்பக்கம் எவ்வளவு, முதுகு எவ்வளவு, கைக்குழி எவ்வளவு ஆழம் என்று கணக்குப் போட்டுப் பழுப்புக் காகிதத்தில் வெட்டி வைப்பாள். பேட்டர்ன் என்று அதற்குப் பெயர். அந்தக் காகிதம் இருந்தால் ஒரு உடையை ஆயிரம் உடை ஆக்கிவிடலாம். அதனால்தான் அதைத் திருடவும் ஆள் இருக்கிறது.

திருட்டு பற்றி அவளுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு லேடீஸ் டெய்லர் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் பெண் ஒருத்தி இவளை அக்கா, அக்கா என்று சுற்றிச் சுற்றி வந்தாள். மத்தியானம் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு இவள் போட்டு வைத்திருந்த ஒரு ஜாக்கெட் பேட்டர்னை அந்தத் தங்கச்சி சுருட்டி எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டாள். போனதோடு விட்டாளா? அது தன்னுடையது என்றும், அக்காதான் தன்னைப் பார்த்துக் காப்பியடித்தாள் என்றும் சொல்லிவிட்டாள். கடைக்காரர் இவளைக் கூப்பிட்டு, "உன்னோடதுன்னா அதுல உன் பேரு எழுதியிருக்கா?" என்று கேட்டார். பழுப்புக் காகிதத்தில் யார் பேர் எழுதுகிறார்கள்? அன்றைக்கே சீட்டுக் கிழிந்தது. பத்துப் பேர் பார்க்கத் திருடி என்ற பேரோடு படியிறங்கினாள்.

அதற்குப் பிறகுதான் பொய் நாட்ச் வந்தது. இரண்டு துணித் துண்டுகள் எந்த இடத்தில் சேர வேண்டும் என்று தெரிவதற்காக, ஓரத்தில் கத்திரிக்கோல் நுனியால் ஒரு சின்ன வெட்டு போடுவார்கள். தொழிலில் அதற்கு நாட்ச் என்று பேர். தைத்து முடித்ததும் அது தையலுக்கு உள்ளே போய்விடும், வெளியே தெரியாது. எல்லோரும் அதை நேராகப் போடுவார்கள், அதற்கு ஜோடியாக அடுத்த துண்டிலும் ஒன்று இருக்கும். இவள் வெட்டுகிற ஒவ்வொரு உடையிலும் ஒரு நாட்ச் கூடுதலாக இருக்கும். முதுகுத் துண்டில், கக்கத்திலிருந்து நாலு விரல் கீழே, சாய்வாக. சேர வேண்டிய அடுத்த துண்டில் அதற்கு ஜோடி கிடையாது. யாராவது இவளுடைய பேட்டர்னைத் திருடினால் அர்த்தம் தெரியாமல் அதையும் சேர்த்துத் திருடுவார்கள். அன்றைக்குத் தையலைப் பிரித்துக் காட்டி, இதோ என் பேரு என்று சொல்லலாம். இருபத்தேழு வருஷமாக அந்த நாளுக்குக் காத்திருக்கிறாள். ஒருத்தரும் திருடித் தொலைக்கவில்லை.

இந்த நிலையில்தான் மேடம் ஒரு திங்கட்கிழமை பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாதவர், ஆனால் அன்றைக்கு வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். பெட்டிக்குள் மெல்லிய தாளில் சுற்றிய ஒரு அங்கி. முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, நெஞ்சோரத்தில் நாடாவால் கட்டுகிற மாதிரி. மங்கிய காவி நிறம், உள்ளே பருத்தி லைனிங்.

"பழம்பொருள் விக்கிறவர்கிட்ட கெடச்சுது. நூத்தம்பது வருஷம். ஏதோ ராஜா வீட்டோடதாம்" என்றார் மேடம். "நம்ம இந்தியப் பாரம்பரியத்துலேர்ந்து ஒரு கலெக்‌ஷன் பண்ணணும்னு ரெண்டு வருஷமா அலையறேன் அக்கா. பூ, மாங்கா, யானைன்னு மேல ஒட்டறது எல்லாரும் பண்றாங்க. எனக்கு அது வேண்டாம். எனக்கு வெட்டு வேணும். இந்தக் கக்கத்தைப் பாருங்க."

கக்கத்தில் வைர வடிவத்தில் ஒரு சின்னத் துண்டு தனியாக வைத்துத் தைத்திருந்தது.

"கையைத் தூக்கினா இந்தத் துண்டு விரியுது. உடம்புல துணி இழுக்கவே இல்லை. எவ்வளவு யோசிச்சு வச்சிருக்காங்க! ஆபீஸுக்குப் போடற கோட்டு, சட்டை, கவுன், எல்லாத்துலயும் இந்தத் துண்டு வேற கலர்ல பளிச்சுன்னு தெரியணும். பிரிக்காம பேட்டர்ன் எடுத்துக் குடுங்க. வியாழக்கிழமை பெரிய கடைக்காரங்க பார்க்க வராங்க."

நூற்றைம்பது வருஷமாம். அட்டையில் சர்டிஃபிகேட் வேறு. பழம்பொருள் விற்கிறவனை நம்புவதா என்று சி.ஐ.டி. அக்காவுக்கு மூக்கு வேர்த்தது. பிரிக்கக் கூடாது என்று மேடம் அழுத்திச் சொன்னது அதைவிட உறுத்தியது. பிரித்தால் என்ன தெரிந்துவிடும்?

அங்கியை மேஜையில் பரப்பி, தையல் ஓரமாகக் குண்டூசியைக் குத்தி அடியில் இருக்கும் காகிதத்தில் புள்ளி புள்ளியாக எடுக்கத் தொடங்கினாள். துணி பழசுதான், அதில் பொய் இல்லை. கைத்தறி. முழுக்கக் கைத்தையல், மெஷின் பட்ட அடையாளமே இல்லை. விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். தையல் எல்லாம் வலக்கைக்காரர்கள் போடுவதற்கு எதிர்த்திசையில் சாய்ந்திருந்தது.

"இதைத் தைச்சவ இடக்கைக்காரிண்ணே" என்றாள்.

"கண்டுபிடிச்சிட்டியா? நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி செத்தவளையும் நீ விடமாட்டே" என்று சிரித்தார் சாம்பிள் அண்ணன்.

அவளும் சிரித்தாள். அந்தக் காலத்திலும் தன்னைப்போல ஒருத்தி இடது கையால் தைத்துத் திட்டு வாங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். ஊசியைத் திரும்பப் பிடித்தபோது அது தன் இடது கையில் இருப்பதைப் பார்த்தாள்.

அண்ணன் டீ குடிக்கக் கீழே போகும்வரை காத்திருந்தாள். பிறகு வலது பக்க லைனிங்கில் நாலே நாலு தையலைப் பிரித்து உள்ளே பார்த்தாள். முதுகுத் துண்டில், கக்கத்திலிருந்து நாலு விரல் கீழே, சாய்வாக ஒரு வெட்டு. ஜோடி இல்லை.

சட்டென்று எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. திருடிப் பட்டத்தோடு வந்தவளுக்கு நல்ல கடைகளில் வேலை கிடைக்கவில்லை. நாடகக் குழுக்களுக்கு வேஷ உடை வாடகைக்கு விடும் ஒரு கடையில் ஐந்து வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் முதலாளி எங்கிருந்தோ ஒரு பழைய கைத்தறிப் படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து போட்டு, மூன்று நாளில் ஒரு ராஜா அங்கி வேண்டும் என்றார். கடையில் இருந்த ஒரே மெஷின் தலைமை டெய்லரின் பிடியில் இருந்தது. அவள் கையாலேயே தைத்தாள், அழுக்குப் பழசாகத் தெரியத் தேயிலைத் தண்ணீரில் முக்கினாள். அவசரத்தில் கைக்குழியை ஒரு அங்குலம் அதிகமாக இறக்கி வெட்டிவிட்டாள். ஒத்திகையில் ராஜா கத்தியைத் தூக்கினால் கத்தியோடு அங்கி முழுக்க மேலே ஏறி அவர் மூக்கை மூடியது. வேறு துணி இல்லை. ஓரத்தில் மிஞ்சியிருந்த கையகலத் துணியில் வைரம் மாதிரி இரண்டு துண்டு வெட்டிக் கக்கத்தில் வைத்து ஒப்பேற்றினாள். ஆக, ராஜா வீட்டு அங்கி என்று விற்றவன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ராஜா போட்டதுதான். மூன்றாவது காட்சியில் செத்துப்போகிற ராஜா.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும்போனது. மேடத்துக்கு இது தெரியுமா? தெரிந்தே ஊரை ஏமாற்றப் பார்க்கிறாரா? அல்லது இது எனக்கு வைக்கிற பரீட்சையா? ஒன்பது வருஷமாக என்னிடம் வேலை வாங்கியவர், நான் வாயைத் திறக்கிறேனா என்று பார்க்கிறாரா? பிரித்த தையலை அப்படியே குண்டூசி குத்தி மறைத்துவிட்டு மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மேடம், அந்த அங்கி... துணி பழசு சரி. தையலும் பழசுதானா?"

"அவரு சர்டிஃபிகேட் குடுத்திருக்காரே அக்கா. ஏன், என்ன சந்தேகம்?"

"சும்மாதான் கேட்டேன். யாரு தைச்சதுன்னு ஏதாவது தெரியுமா?"

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "அதான் அக்கா தெரியலை. யாரோ ஒருத்தர். பேரு கூட இல்லாம போயிட்டாங்க. அந்தக் கக்கத்தைப் பார்க்கறப்பல்லாம் அவங்க கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கணும் போல இருக்கு."

மேடத்தின் கண்ணில் கள்ளம் இல்லை. தேடித் தேடிப் பார்த்தாள், இல்லை. ஒன்பது வருஷத்தில் எத்தனை கைக்குழி வெட்டிக் கொடுத்திருக்கிறாள்! "தேங்க்ஸ் அக்கா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டதில்லை. செத்துப்போன அந்த யாரோ ஒருத்தர் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அது தான்தான் என்று தெரிந்தும் பொறாமையாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். எண்ணெய்க் கறை போகக் கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"கம்முனு இரு" என்றார். "சொன்னா அந்தம்மா ரெண்டு வருஷ உழைப்பு போச்சு. நீ சொல்றதை நம்பலைன்னா உன் வேலை போச்சு. நாப்பத்தொன்பது வயசுல எங்க போய் நிப்பே?"

"என்னோடதுங்க அது."

"உன்னோடதுதான். யாரு இல்லேன்னா? ஒருதடவை பொய்க்காரின்னு பேரு வாங்கினது போதாதா?"

அவர் சொன்னது நியாயம்தான். வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்து, செவ்வாயும் புதனும் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தாள். தன் தப்பைத் தானே காகிதத்தில் ஏற்றி, கோட்டுக்கு ஒரு அளவு, சட்டைக்கு ஒரு அளவு என்று வெட்டிக் கொடுத்தாள். சாம்பிள் அண்ணன் தைத்து மாட்டிய கோட்டில் நீலத்துக்கு நடுவே மஞ்சள் வைரம் எட்டிப் பார்த்தது. நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சலாக இருந்தது.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு அவள் உள்ளே வரும்போது அங்கியை ஒரு பொம்மைக்கு மாட்டி வாசல் அறையில் நிறுத்தியிருந்தார்கள். காலடியில் ஒரு அட்டை. 'வடிவமைத்தவர்: பெயர் தெரியாத மூதாதை' என்று அச்சடித்திருந்தது.

மூதாதையாம்! நாற்பத்தொன்பது வயதில் மூதாதையானவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். தைத்தவர் தெரியவில்லை என்று போட்டிருந்தால்கூடப் பொறுத்துப் போயிருப்பாள். உயிரோடு நிற்கிறவளைக் கொண்டுபோய்ப் புதைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று.

"மேடம், இதை வெட்டினது நான்" என்றாள்.

ராஜா, கத்தி, படுக்கை விரிப்பு, தேயிலைத் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னாள். வலது பக்க லைனிங்கை விலக்கி நாட்சைக் காட்டினாள். மேடம் நாட்சைப் பார்க்கவில்லை. பிரிந்து கிடந்த நூலைப் பார்த்தார்.

"பிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே அக்கா."

"பிரிச்சதாலதானே தெரிஞ்சுது."

"மூணு நாளா இது உங்க மேஜையிலதான் இருந்துது. இந்த வெட்டை நீங்களே போட்டிருக்கலாமே?"

மேடம் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். மெஷினின் மிதியில் இருந்த சாம்பிள் அண்ணனின் கால் நின்றுவிட்டது. அதில் உன் பேரு எழுதியிருக்கா என்று கேட்ட பழைய கடைக்காரரின் குரல் அவள் காதில் கேட்டது. இதில் கொடுமை என்னவென்றால், மேடத்தின் இடத்தில் இவள் இருந்திருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பாள். இதைவிடக் கடுமையாகவே கேட்டிருப்பாள். எத்தனை பேரிடம் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். அது எங்கே போய்க் குத்தும் என்று இப்போதுதான் தெரிந்தது.

"இடது பக்கம் நான் தொடலை" என்றாள். "லைனிங் தையல் அப்படியே இருக்கு, பாருங்க. நீங்களே பிரிங்க. அதே இடத்துல, கக்கத்துலேர்ந்து நாலு விரல் கீழே."

மேடம் கையுறையைக் கழற்றிவிட்டுப் பிரிக்கும் ஊசியை எடுத்தார். அப்போதுதான் சி.ஐ.டி. அக்காவுக்குத் திக்கென்றது. துணி தாராளமாக இருந்தால் இரண்டாக மடித்து இரண்டு பக்கத்தையும் ஒரே வெட்டில் வெட்டுவார்கள், நாட்சும் இரண்டிலும் விழும். இது குறைத்துணி. மடிக்க முடியாமல் ஒவ்வொரு துண்டாக வெட்டியது. இடது துண்டிலும் பொய் நாட்சைப் போட்டோமா? அந்த அவசரத்தில், ஒரு பக்கம் போட்டது போதும் என்று விட்டிருந்தால்? வாழ்நாள் பூராவும் ஊரைச் சந்தேகப்பட்டவளுக்கு அன்றைக்கு முதல்முறையாகத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பெண்ணை நம்பலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நூல் ஒவ்வொன்றாக அறுந்தது. மேடம் லைனிங்கைத் தூக்கிக் குனிந்து பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் நாலு விரலைக் கக்கத்தின் கீழ் வைத்து அளந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இருக்கு" என்றார்.

சி.ஐ.டி. அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருபத்தேழு வருஷம் கழித்து ஒருத்தர் நம்பிவிட்டார். அவளுக்கு சந்தோஷமாக இருந்தது. இத்தனை பெரிய விஷயம் இத்தனை சின்ன வார்த்தையில் முடிந்துவிட்டதே என்று அழுகையாகவும் இருந்தது.

"இந்தத் துண்டு எதுக்கு வச்சீங்க?" என்று மேடம் கேட்டார்.

"இறக்கி வெட்டிட்டேன் மேடம். ராஜாவால கத்தியைத் தூக்க முடியலை."

மேடம் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பால் வந்த தண்ணீர் மட்டும்தானா என்று சி.ஐ.டி. அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"வைரம் மாதிரி வைக்கணும்னு எப்படித் தோணுச்சு?"

"எங்கம்மா ரவிக்கைக்கு அப்படித்தான் ஒட்டு போடுவாங்க. கக்கத்துலதானே முதல்ல கிழியும்? சதுரமா வச்சா மறுபடி கிழிஞ்சிடும். குறுக்கா வச்சா நிக்கும்."

மேடத்தின் சிரிப்பு நின்றது. "அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"எனக்கென்ன தெரியும்? கிழிஞ்சுது, தைச்சாங்க."

மேடம் எழுந்து அட்டையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். போன வேகம் இவளுக்குச் சரியாகப் படவில்லை. இப்போது அம்மாவின் கக்கத்தையும் அட்டையில் அச்சடிக்கப் போகிறாரா? அல்லது வேலைநீக்கக் கடிதம் அடிக்கிறாரா? கத்திரிக்கோலை உறையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அது அவள் சொந்தக் கத்திரிக்கோல். போகச் சொன்னால் உடனே கிளம்ப வசதியாக இருக்கும்.

பதினோரு மணிக்குக் கடைக்காரர்கள் நாலு பேரும் ஒரு பத்திரிகைக்காரரும் வந்தார்கள். அவள் வெட்டும் அறைக் கதவுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். முதலில் கோட்டுகளைப் பற்றிப் பேச்சு. பிறகு யாரோ அங்கியைப் பற்றிக் கேட்டார்கள். இப்போது மழுப்புவார் பார், என்று அவள் சாம்பிள் அண்ணனுக்குக் கண்ணைக் காட்டினாள்.

"இன்னைக்குக் காலையில வரைக்கும் இது நூத்தம்பது வருஷப் பழசுன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார் மேடம். "துணிதான் பழசு. தைச்சு இருபத்திரண்டு வருஷம்தான் ஆகுது. நான் ஏமாந்துட்டேன்."

வாசல் அறையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. "அப்ப பாரம்பரியம்னு சொன்னது?" என்று ஒரு ஆண்குரல் கேட்டது. குரலில் குத்தல் இருந்தது. யாரோ ஒருவர் பையை மூடும் ஜிப் சத்தமும் கேட்டது.

"அது பொய் இல்லைங்க. ஆனா ராஜா வீட்டுலேர்ந்து வரலை. கிழிஞ்ச ரவிக்கையைத் தைக்கிற வீட்டுலேர்ந்து வந்துது. வெட்டினவங்க உள்ளேதான் இருக்காங்க. ஒன்பது வருஷமா இருக்காங்க, நான்தான் பார்க்கலை. அவங்களே காட்டுவாங்க." பிறகு கதவுப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "அக்கா, வாங்க!"

சாம்பிள் அண்ணன் மெஷினை விட்டு எழுந்து நின்றார். சி.ஐ.டி. அக்கா, மேடம் யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.